யூஇஎஃப்ஐ செய்நிரலில் பாதை கொடுத்துக் கோப்புத் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸிலோ லினக்ஸிலோ நிரல் எழுதிப் பழகிய கை, கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் யூஇஎஃப்ஐ நிலைப்பொருளின் மேல், பணிசெயல் முறைமை இல்லாமல் நேரடியாக ஓடும் செய்நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினால், முதலில் தடக்குப்படுவது கோப்பைத் திறக்கும் இடத்தில்தான். அங்கே சி டிரைவ் இல்லை. ‘இப்போது நிற்கிற கோப்புறை’ என்ற ஒன்று நிலைப்பொருளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பாதையை மட்டும் நீட்டினால் அது எந்தக் கோப்பையும் சுட்டாது. எந்த வொலியூமில் (கோப்பு முறைமை உள்ள வட்டுப் பிரிவில்), எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறோம் என்பது சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் வரும். ‘கோயிலடிக்கு மூன்றாம் ஒழுங்கை’ என்றால் எந்த ஊர்க் கோயில் என்று கேட்பார்கள் அல்லவா, அதே போலத்தான்.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடக் கணினி ஆய்வுகூடங்களுக்குக் கொண்டு திரியும் ஒரு பென் டிரைவ். அதில் ‘ஆய்வுகூடம்’ என்றொரு கோப்புறை, உள்ளே ஊர் ஊராக அமைப்புக் கோப்புகள்: ‘கொடிகாமம்.உரை’, ‘கோப்பாய்.உரை’, ‘பருத்தித்துறை.உரை’. கணினியில் பணிசெயல் முறைமை ஏறாவிட்டாலும், நம் செய்நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வாசிக்க வேண்டும். யூஇஎஃப்ஐயின் சார்புப் பெயர்களை இங்கே ஒலிபெயர்த்து எழுதுகிறோம். நிரலில் அவை ஆங்கில எழுத்தில்தான் வரும். கோப்புப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு, பிறகு பார்ப்போம்.

சோதனைக் களம்

உண்மையான கணினியில் ஒவ்வொரு முறையும் பூற் செய்து பார்த்தால் ஒரு நாள் முழுக்க அதிலேயே போய்விடும். உபுண்டு அல்லது டெபியனில் கியூஎமு (போலிக் கணினி), ஓவிஎம்எஃப் (அதற்கான யூஇஎஃப்ஐ நிலைப்பொருள்), டோஸ்எஃப்எஸ்டூல்ஸ் (ஃபாற் ஃபோர்மற் செய்யும் கருவி) மூன்றையும் நிறுவுங்கள். 64 மெகாபைற் அளவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதை ஃபாற்32 ஆக ஃபோர்மற் செய்யுங்கள். பிறகு லூப் முறையில், ‘யூடிஎஃப்8’ தெரிவோடு மவுன்ற் செய்யுங்கள். அந்தத் தெரிவை விட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். ‘ஈஎஃப்ஐ’ கோப்புறை, அதற்குள் ‘பூற்’ கோப்புறை, அதற்குள் ‘பூற்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ என்ற பெயரில் உங்கள் செய்நிரல். கழற்றக்கூடிய ஊடகத்தில் 64 பிற் இன்ரெல் வகைக் கணினி தானாகத் தேடிப் போகும் பெயர் அதுதான். கியூஎமுவுக்கு 256 மெகாபைற் நினைவகம் கொடுத்தால் போதும்.

ஒரு கோப்புறையையே வட்டாகக் காட்டும் வசதியும் கியூஎமுவில் இருக்கிறது. வாசித்துப் பார்க்க மட்டும் அதைப் பாவியுங்கள். எழுதிப் பார்க்க அதை நம்ப வேண்டாம்.

திறக்கும் ஒழுங்கு

1. செய்நிரல் தொடங்கும்போது நிலைப்பொருள் ‘இமேஜ் ஹான்டில்’ ஒன்றைத் தருகிறது. ஹான்டில் என்பது ஒன்றைக் குறிக்கும் அடையாளச் சுட்டி. புரோட்டோக்கோல் என்பது அதனிடம் கேட்டுப் பெறும் சார்புகளும் விபரங்களும் சேர்ந்த தொகுப்பு. அதைக் கொடுத்து ‘லோடட் இமேஜ்’ புரோட்டோக்கோலைக் கேளுங்கள். நம் செய்நிரல் எந்தச் சாதனத்திலிருந்து ஏற்றப்பட்டது என்ற விபரம் அதில் ‘டிவைஸ் ஹான்டில்’ என்ற உறுப்பில் இருக்கும். ‘ஹான்டில் புரோட்டோக்கோல்’ என்ற பழைய சார்பும் வேலை செய்யும். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ‘ஓப்பன் புரோட்டோக்கோல்’ சார்பைப் பாவியுங்கள்.

2. அந்த டிவைஸ் ஹான்டிலில் ‘சிம்பிள் ஃபைல் சிஸ்டம்’ புரோட்டோக்கோலைக் கேளுங்கள். இந்த இடத்தில் ‘ஆதரவில்லை’ என்ற பிழை, எண் 3, வந்தால் செய்நிரல் வட்டிலிருந்து வரவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம். வலையமைப்பு வழியாகவோ நிலைப்பொருளின் சிப்புக்கு உள்ளிருந்தோ ஏற்றப்பட்டிருக்கும். அப்படியானால் கீழே சொல்லும் ‘வேறு வொலியூம்கள்’ வழிக்குப் போக வேண்டும்.

3. அந்தப் புரோட்டோக்கோலின் ‘ஓப்பன் வொலியூம்’ சார்பு வேர்க் கோப்புறையின் ஹான்டிலைத் தரும். நாம் நிற்கும் முதல் இடம் இது.

4. வேர் ஹான்டிலின் ‘ஓப்பன்’ சார்பை அழையுங்கள். ஐந்து உள்ளீடுகள்: வேர் ஹான்டில், புதிய ஹான்டிலை வாங்கும் சுட்டியின் முகவரி, பாதை, திறக்கும் முறை, பண்புகள். வாசிக்க மட்டும் என்றால் முறை 1, பண்பு 0. பாதை: \ஆய்வுகூடம்\கொடிகாமம்.உரை

5. வேலை முடிந்ததும் கோப்பு, வேர் இரண்டையும் ‘குளோஸ்’ செய்யுங்கள். இடையில் பிழை வந்து திரும்பும் வழிகளிலும் மூட வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் திரும்பி வரும் நிலையெண்ணைப் பார்க்காமல் அடுத்த படிக்குக் கால் வைக்காதீர்கள். படி 2 தவறியதைக் கவனியாமல் படி 3ஐ அழைத்தால், வெற்றுச் சுட்டியின் வழியே பாய்ந்து கணினி உறைந்து நிற்கும். திரையில் ஒரு சொல்லும் வராது.

பாதை எழுதும் முறை

பிரிப்புக் குறி இடப்பக்கம் சாய்ந்த ‘\’ மட்டும்தான். லினக்ஸ் பழக்கத்தில் ‘/’ போட்டால் சரிவராது. ஃபாற் கோப்புப் பெயரில் அந்தக் குறி வரவே கூடாது. சி மொழிச் சரத்துக்குள் ‘\’ ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக எழுத வேண்டும். ஒற்றையாக விட்டால் அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறொன்றாகிவிடும். ஆங்கிலச் சிறிய ‘பி’ வந்தால் பின்னோக்கி அழிக்கும் குறி, ‘என்’ வந்தால் புது வரி. ஜிசிசி தொகுப்பானில் பெரிய ‘ஈ’யும் எஸ்கேப் குறியாகிவிடும். அதனால் ‘ஈஎஃப்ஐ’ கோப்புறையின் பெயர் முதல் எழுத்திலேயே உடையும்.

‘\’ இல் தொடங்கும் பாதை வேரிலிருந்து எண்ணப்படும். அது இல்லாமல் தொடங்கினால், எந்த ஹான்டிலில் ‘ஓப்பன்’ அழைத்தீர்களோ அந்தக் கோப்புறையிலிருந்து எண்ணப்படும். ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வழக்கமான பொருளில் வேலை செய்யும். ஒரே கோப்புறையில் பல கோப்புகள் திறக்க வேண்டுமானால் ‘ஆய்வுகூடம்’ கோப்புறையை ஒருமுறை திறந்து வைத்து, அந்த ஹான்டிலில் ‘கோப்பாய்.உரை’ என்று பெயரை மட்டும் கொடுங்கள். பாதைகளை ஒட்டி ஒட்டி நீளமாக்குவதைவிட இது துப்புரவான வழி.

யூஇஎஃப்ஐ ஷெல்லில் ‘எஃப்எஸ்0:’ என்று வட்டைக் குறித்துப் பழகியவர்கள் அதையே ‘ஓப்பன்’ சார்புக்கும் கொடுத்துவிடுவார்கள். கோப்பு இல்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பெயர் ஷெல் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் பட்டியலில் உள்ளது. கோப்பு முறைமைக்கு அது தெரியாது. ஷெல் வழியாகத்தான் உங்கள் செய்நிரல் எப்போதும் ஓடும் என்றால், யூஇஎஃப்ஐ நிரல் எழுதும் கருவித்தொகுதியான ஈடிகே2 இன் ‘ஷெல்லிப்’ நூலகத்தில் அந்தப் பெயரோடு திறக்கும் சார்பு இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நேரே பூற் ஆகவும் வேண்டும் என்றால் அந்த வழியை விடுங்கள்.

16 பிற் எழுத்து: வெற்றி என்று சொல்லி ஏமாற்றும் பிழை

இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. யூஇஎஃப்ஐயில் பாதைச் சரத்தின் ஒவ்வோர் அலகும் 2 பைற். லினக்ஸில் ஜிசிசி, ‘எல்’ முன்னொட்டுப் போட்ட சரத்தை இயல்பாக 4 பைற் அலகாக ஆக்கும். ‘\’ குறியின் எண் 92. நிலைப்பொருள் எதிர்பார்ப்பது 92, 0 என்ற இரண்டு பைற், உடனே அடுத்த எழுத்து. 4 பைற் சரத்தில் கிடைப்பதோ 92, 0, 0, 0. முதல் இரண்டும் ‘\’, அடுத்த இரண்டும் சரத்தின் முடிவு. ஆக நீங்கள் எவ்வளவு நீளமான பாதை எழுதியிருந்தாலும் நிலைப்பொருளுக்குப் போய்ச் சேர்வது வெறும் ‘\’ மட்டும்.

வெறும் ‘\’ என்றால் வேர்க் கோப்புறை. அது இருக்கிறது. எனவே ‘ஓப்பன்’ வெற்றி என்று 0ஐத் திருப்பும். அடுத்து ‘ரீட்’ செய்தால் கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பதில் கோப்புறைப் பட்டியலின் ஒரு பதிவு வரும். இல்லாவிட்டால் தாங்கி (வாசிப்பதை வாங்கி வைக்கும் நினைவக இடம்) போதாது என்ற பிழை வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பென் டிரைவைத் திரும்பத் திரும்ப ஃபோர்மற் பண்ணுவார்கள். பாவம், பென் டிரைவில் ஒரு பிழையும் இல்லை.

தீர்வு இரண்டு. ஜிசிசியிலும் கிளாங்கிலும் ‘ஷோர்ட் டபிள்யூசார்’ தெரிவைப் போடுங்கள். அல்லது 2011ஆம் ஆண்டின் சி தரத்தில் வந்த சிறிய ‘யூ’ முன்னொட்டைப் பாவியுங்கள். அது எப்போதும் 16 பிற் தரும். நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம். கட்டமைப்புக் கோப்பிலுள்ள தெரிவு எப்போதாவது தவறிப்போகும். சரத்தின் முன்னொட்டு நிரலோடேயே நிற்கும். எந்த வழியானாலும், திறந்தவுடன் ‘கெற்இன்ஃபோ’ செய்து பண்பில் 16 என்ற மதிப்புள்ள பிற், அதாவது கோப்புறைக் குறி, நிற்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். இந்தப் பிழை அந்த ஒரு வரியில் பிடிபடும்.

தமிழ்ப் பெயர்கள்: ஒரே பெயர், இரண்டு எழுத்து வரிசை

ஃபாற்இன் நீண்ட பெயர்கள் 16 பிற் யூனிகோட்டில் சேமிக்கப்படுகின்றன. தமிழ் எழுத்துகள் 2944 முதல் 3071 வரையான எண்களுக்குள் அடங்குவதால் ஒவ்வோர் எண்ணும் ஓர் அலகுக்குள் இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரச்சினையும் இல்லை. ஆனால் ‘கொ’வைப் பாருங்கள். ‘க’ 2965, அதன் பின் ஒகரக் குறி ஒரே அலகாக 3018 வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு அலகாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். யூனிகோட் விதியிலும் இரண்டும் சமம். ஃபாற் மட்டும் எண்ணுக்கு எண் ஒப்பிடும். சமமா என்று யோசிக்காது.

‘கொடிகாமம்.உரை’ முதல் முறையில் 13 அலகு, இரண்டாம் முறையில் 14. நீண்ட பெயரின் ஒரு பதிவில் சரியாக 13 அலகுதான் கொள்ளும். ஆகவே ஒரே பெயர் ஒரு வகையில் ஒரு பதிவிலும் மற்ற வகையில் இரண்டு பதிவிலும் போய் இருக்கும். நிரலில் ஒரு வகையும் பென் டிரைவில் மற்ற வகையும் இருந்தால் பிழை 14, ‘கோப்பு இல்லை’. ‘கோப்பாய்’க்கும் இதே கதிதான்: 3019 ஒன்று, அல்லது 3015உம் 3006உம். ‘பருத்தித்துறை’யில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் சில ஊர்க் கோப்புகள் திறந்து சில திறவாமல் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திரையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. நிலைப்பொருளின் எழுத்துரு தமிழை அறியாது. பெயரை அச்சிட்டால் எழுத்துகள் விடுபட்டுப்போகும். பெயரின் ஒவ்வோர் அலகையும் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். நிரலுக்குள்ளேயே தீர்க்க விரும்பினால், ஒப்பிடுமுன் இருபக்கப் பெயரிலும் 3014உம் 3006உம் அடுத்தடுத்து வந்தால் 3018 ஆகவும், 3015உம் 3006உம் வந்தால் 3019 ஆகவும் மாற்றும் சிறு சார்பு ஒன்று எழுதிவிடலாம். பின்னர் கோப்புறையை வரிசையாக வாசித்து, ஒத்துவரும் பெயரை எடுத்து, அதில் இருந்தபடியே ‘ஓப்பன்’ சார்புக்குக் கொடுக்க வேண்டும். மூல நிரலை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவும் மறக்க வேண்டாம். மைக்ரோசொஃப்ற்இன் தொகுப்பானுக்கு யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

அளவறிந்து வாசித்தல்

கோப்பின் அளவை அறிய ‘கெற்இன்ஃபோ’வை இருமுறை அழைப்பது வழக்கம். முதல் முறை அளவு 0 என்று கொடுங்கள். ‘தாங்கி போதாது’, எண் 5, என்று திரும்பி, எவ்வளவு தேவை என்பதையும் சொல்லும். நிலையான பகுதி 80 பைற். அதன் பின்னால் பெயரும் முடிவுக் குறியும். ‘கொடிகாமம்.உரை’ ஒற்றைக் குறியோடு இருந்தால் 80உடன் 28 சேர்ந்து 108. அவ்வளவு நினைவகம் ஒதுக்கி இரண்டாம் முறை அழையுங்கள். கட்டமைப்பின் அளவை மட்டும் ஒதுக்கினால் பெயருக்கு இடம் போதாது. கிடைக்கும் பெயரில் பாதை இராது, கோப்பின் சொந்தப் பெயர் மட்டும்தான்.

பெயர் வேண்டாம், அளவு மட்டும் போதும் என்றால் குறுக்கு வழி இருக்கிறது. எல்லா பிற்றும் 1 ஆன எண்ணை ‘செற்பொசிஷன்’ சார்புக்குக் கொடுத்தால் கோப்பின் கடைசிக்குப் போகும். ‘கெற்பொசிஷன்’ அளவைச் சொல்லும். பிறகு மறவாமல் 0க்குத் திரும்புங்கள்.

‘ரீட்’ சார்புக்கு அளவு மாறியின் முகவரியைக் கொடுக்கிறோம். உள்ளே போகும்போது தாங்கியின் கொள்ளளவு, வெளியே வரும்போது உண்மையில் வாசித்த பைற். கோப்பு முடிந்த பின் வாசித்தால் பிழை வராது. வெற்றியும் 0 பைற்றும்தான் வரும். சுழலுக்குள் வாசிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அளவு மாறியை மீண்டும் நிரப்ப வேண்டும். பெரிய கோப்பை ஒரே மூச்சில் வாசிக்காமல் 1 மெகாபைற் துண்டுகளாக வாசியுங்கள். பெரிய வாசிப்பில் தடுமாறும் நிலைப்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸின் பூற் பகுதியே அதற்காக 1 மெகாபைற் துண்டு முறையைக் கைக்கொள்கிறது.

பாதை 16 பிற் என்பதால் உள்ளடக்கமும் அப்படி என்று எண்ண வேண்டாம். உள்ளே வருவது வெறும் பைற். யூடிஎஃப்-8 கோப்பில் ஒரு தமிழ் அலகு 3 பைற். சரமாகப் பாவிப்பதென்றால் முடிவுக் குறிக்குக் கூடுதல் இடம் ஒதுக்கி நீங்களே 0 போட வேண்டும்.

எழுதுவதற்குத் திறக்கும்போது

செல்லும் சேர்க்கைகள் மூன்றே: வாசிப்பு, வாசிப்பும் எழுத்தும், உருவாக்கமும் வாசிப்பும் எழுத்தும். எழுத்து மட்டும் என்று கேட்டால் ‘தவறான உள்ளீடு’, எண் 2.

உருவாக்கும் முறையில் திறந்தால் பழைய கோப்பு வெறுமையாகிவிடும் என்று நினைப்பது பெரும் பிழை. கோப்பு ஏற்கெனவே இருந்தால் அது இருந்தபடியே திறக்கும். 500 பைற் இருந்த கோப்பில் 200 பைற் எழுதினால், பழைய 300 பைற் வாலாகத் தொங்கும். அமைப்புக் கோப்பில் இப்படி நேர்ந்தால், பாதிப் புதிது பாதிப் பழையதாக ஒரு விசித்திரம் கிடைக்கும். எழுதுமுன் ‘செற்இன்ஃபோ’ மூலம் அளவை 0 ஆக்குங்கள். அல்லது ‘டிலீற்’ செய்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ‘டிலீற்’ தோற்றாலும் ஹான்டில் மூடப்பட்டுவிடும், அதை மறுபடி தொடக்கூடாது.

இடையிலுள்ள கோப்புறைகளும் தாமாக உருவாகா. பண்பு 16 கொடுத்து மேலிருந்து ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டும். எழுதி முடித்ததும் ‘ஃபிளஷ்’, பிறகு ‘குளோஸ்’. ஃபாற்இல் நடவடிக்கைப் பதிவேடு எதுவும் கிடையாது. எழுதும் நடுவில் மின் போனால் எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் அட்டவணையே குழம்பும். மேசைக் கணினியில் எழுதுவதானால் யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள்.

வேறு வொலியூம்கள்

கோப்பு பென் டிரைவில் இல்லாமல் கணினியின் உள் வட்டில் இருந்தால், ‘லொக்கேற் ஹான்டில் பஃபர்’ சார்பிடம் ‘சிம்பிள் ஃபைல் சிஸ்டம்’ உள்ள எல்லா ஹான்டிலையும் கேட்டு, ஒவ்வொன்றிலும் வேரைத் திறந்து பாதையை முயன்று பாருங்கள். பட்டியலின் வரிசையை நம்ப வேண்டாம். இன்றைக்கு இரண்டாவதாக நிற்கும் வட்டு நாளைக்கு முதலாவதாக நிற்கலாம். குறித்த ஒரு பிரிவு வேண்டுமென்றால், டிவைஸ் பாத்தில் (சாதனம் இருக்கும் இடத்தைக் கணுக் கணுவாகச் சொல்லும் விபரத்தில்) உள்ள வன்வட்டுக் கணுவின் பிரிவு அடையாள எண்ணை ஒப்பிடுங்கள். முழு டிவைஸ் பாத் கையில் இருந்தால் ஈடிகே2 இன் ‘யூஇஎஃப்ஐலிப்’ நூலகத்தில் அதைக் கொண்டே திறக்கும் சார்பு உண்டு. கோப்புப் பெயர் பல கணுக்களாக உடைந்து வரலாம். கணுவிலுள்ள சரம் நினைவகத்தில் ஒற்றைப்படை முகவரியில் தொடங்கவும் கூடும். ஆர்ம் கணினிகளில் அதை நேரே வாசிக்காமல் படியெடுத்து வாசியுங்கள்.

பட்டியலில் உள் வட்டே வரவில்லை என்றால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. விரைவு பூற் அமைப்பில் நிலைப்பொருள் பூற் ஆகும் சாதனத்தை மட்டும் இணைத்திருக்கும். ‘கனெக்ற் கொன்ட்ரோலர்’ மூலம் மற்றவற்றை இணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரிவு என்டிஎஃப்எஸ். அதற்கு நிலைப்பொருளில் டிரைவர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிழை எண்களும் காரணங்களும்

64 பிற் கணினியில் நிலையெண்ணின் மேல் பிற் 1 என்றால் பிழை. அதை நீக்கிவிட்டு மிஞ்சும் எண்ணைப் பாருங்கள். 14 வந்தால் பாதை. சாய்வுக் குறி, இரட்டிப்பு, ஒகரக் குறி என்ற வரிசையில் தேடுங்கள். 15 என்றால் படிக்கமட்டும் என்று குறித்த கோப்பை எழுதத் திறக்கிறீர்கள். 8 என்றால் வட்டே எழுதப் பூட்டியிருக்கிறது. எஸ்டி அட்டையின் பக்கப் பூட்டைப் பாருங்கள். 10 என்றால் கோப்பு முறைமை பழுதடைந்திருக்கிறது. வேறு கணினியில் சரிபார்த்துத் திருத்த வேண்டும். 13 என்றால் ஊடகம் மாற்றப்பட்டுள்ளது. பென் டிரைவைக் கழற்றி அதே துளையில் திரும்பச் செருகினாலும், பழைய ஹான்டில்கள் எல்லாம் செத்தவைதான். அவற்றை மூடிவிட்டு ‘ஓப்பன் வொலியூம்’ இலிருந்து தொடங்குங்கள்.

எண்ணே வராமல் கணினி தானாக மீள்தொடங்கினால், அது ஏறத்தாழ 5 நிமிடத்தில் நடக்கிறதா என்று மணிக்கூட்டைப் பாருங்கள். பூற் மேலாளர் செய்நிரலை ஏற்றுமுன் 5 நிமிடக் காவல் கடிகாரம் ஒன்றை ஓடவிடும். பயனரின் விசைக்குக் காத்திருக்கும் செய்நிரல் என்றால், தொடக்கத்திலேயே ‘செற் வொச்டோக் ரைமர்’ சார்பில் 0 கொடுத்து அதை நிறுத்துங்கள்.

உண்மையான கணினியில்

பென் டிரைவ் ஃபாற்32 ஆக இருக்க வேண்டும். 32 ஜிகாபைற்றுக்கு மேலான எஸ்டி அட்டைகள் எக்ஸ்ஃபாற் ஆகத்தான் வரும். பெரிய பென் டிரைவ்களையும் செருகிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடாத செய்நிரலுக்கு ‘செக்கியூர் பூற்’ அணைத்திருக்க வேண்டும். விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் அதை அணைக்குமுன் பிற்லொக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) மீட்பு விசை உரிமையாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அவருடைய வட்டு அவருக்கே திறக்காமல் போகலாம். சில மலிவு டப்ளெற்களில் செயலி 64 பிற், நிலைப்பொருள் 32 பிற். அவற்றுக்கு ‘பூற்ஐஏ32.ஈஎஃப்ஐ’ என்ற பெயரில் 32 பிற் தொகுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு வைக்கலாம். ஒவ்வொரு நிலைப்பொருளும் தனக்குரியதை எடுத்துக்கொள்ளும்.